ஏழு வத்தல்

டீயில சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டரம்மா. பரவாயில்ல, என் தம்பி பொண்டாட்டி போடுத டீக்கு இது தேவாமிர்தம்.

என் பேரு உமாராணி. புருசன் போனதுலயிருந்து தம்பி விஜயராஜ் வீட்டுலதான் இருக்கேன். அவன் பொண்டாட்டி ஐஸ்வர்யா, ஹார்பர் பக்கத்துல கிளியரிங் ஆபீசுக்கு வேலைக்குப் போறா. காலையில எட்டு மணிக்கு சென்ட் அடிச்சுக்கிட்டுப் போனா, சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவா. அதுவரைக்கும் நாலு வயசுப் பிள்ளை முத்துச்செல்வி என் கையிலதான். ஊட்டிவிட, குண்டி கழுவ எல்லாத்துக்கும் அத்தை. ஸ்கூட்டி சத்தம் கேட்டா என் மடியை உதறிட்டு அம்மாகிட்ட ஓடிரும். ஓடட்டும், சின்னப் பிள்ளைதான.

பிள்ளைக்கு வீசிங் உண்டு. சாம்பிராணி கூடாது, கொசுவத்தி கூடாது, ஈரச் சுவரு கூடாது, பஞ்சுத் தலகாணி கூடாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. வீட்டுல மனுசங்க இருக்கலாமான்னு கேட்டேன். அவரு சிரிக்கல. அந்தச் சீட்டை நான் ஒண்ணு விடாமக் கடைப்பிடிச்சேன், அதையும் எழுதிக்கிடுங்க. மிளகாய் வத்தல் அந்தச் சீட்டுல இல்ல.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. எங்க வீடுகள்ல பிள்ளைக்கு முடியலன்னா மூணு வத்தல், கல்லுப்பு, முச்சந்தி மண்ணு எடுத்துத் தலையைச் சுத்தி நெருப்புல போடுவோம். நெடி வரலன்னா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். ஒரு வெள்ளிக்கிழமை போட்டேன், நெடி தூக்கலா வந்துட்டு. பிள்ளைக்கு இழுக்க ஆரம்பிச்சுட்டு. மடியில நிமித்தி வச்சு, டாக்டர் கொடுத்த நீல மருந்துப் பம்பை வாயில வச்சு அடிச்சு, முதுகைத் தடவிக்கிட்டே இருந்தேன். ரெண்டு கையாலயும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. அம்மா வந்து கூப்பிட்டும் போகல.

அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறுனதில்ல. கொஞ்ச நாள்ல செவ்வாயும் சேந்துக்கிட்டு. அடுப்படியில போட்டா புகை வீணாப் போகுதுன்னு, பிள்ளை படுக்குத ரூமுல ஜன்னலைச் சாத்திட்டுப் போட்டேன். என் மூக்குக்கு ஈரத்துண்டு. மூணு வத்தலுக்கு வெறும் இருமல்தான். அஞ்சுக்கு லேசா இழுக்கும். ஏழுன்னா பொழுது அடையுதவரை மடியை விட்டு இறங்கமாட்டா.

ஐஸ்வர்யா பாவம். தலகாணியை மாத்துனா, பெயிண்ட் அடிச்சா, திரைச்சீலையைக் கழட்டுனா, போனைப் பாத்துப் பாத்துப் படிச்சா. அவ்வளவு படிச்சவ வத்தல் டப்பாவைத் திறந்து பாக்கல. கொழம்பு வைக்குதவளுக்குத்தான டப்பா காலியாகுதது தெரியும்.

கடைசியில, இந்த வீட்டுக் காத்தே சரியில்லன்னு மில்லர்புரத்துல வாடகைக்கு வீடு பிடிச்சாங்க. "மைனி, நீங்க இங்கனயே இருங்க, நாங்க அடிக்கடி வந்து பாக்கோம்"னா ஐஸ்வர்யா. "நல்லா இருங்க, ஏளா"ன்னேன். புது வீட்டுல பால் காய்ச்சுத அன்னைக்கு, பிள்ளையைக் குளிப்பாட்டி வைங்கன்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் முன்னால போயிட்டாங்க. அன்னைக்கு எத்தனை வத்தல்னு நான் எண்ணல. பம்பு என் இடுப்புலதான் இருந்துச்சு. அழுத்துனா மருந்து வரல, தீந்துபோச்சு. கூட்டிட்டுப் போக வந்த தம்பிதான் கதவைத் தள்ளி, பிள்ளையை அள்ளிக்கிட்டு ஓடுனான்.

பொழைச்சுட்டா. ஆஸ்பத்திரியில எட்டு நாளா ஒரு இருமல்கூட இல்லைன்னு நர்சு சொல்லுதா. அதையும் எழுதுங்க. தெரிஞ்சுதான் செஞ்சேன், ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுதான் செஞ்சேன். சொகமா இருந்தா அவ அம்மா பிள்ளை. இழுக்கும்போது மட்டும்தான் என் பிள்ளையா இருந்தா. ஆனா பாசம் இல்லாதவன்னு மட்டும் எழுதிராதீக.

நேத்து என்னை அங்கன கூட்டிட்டுப் போனீகள்ல, நீங்களே பாத்தீகள்ல. என்னைக் கண்டதும் அம்மா சேலைக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு ஒடம்பெல்லாம் நடுங்குனா. எட்டு நாள் அத்தையைப் பிரிஞ்சு இருந்த ஏக்கம், பிள்ளைக்குத் தாங்க முடியல.