கூடை தூக்கிவிடுறவ

அதைத் தொடாதீங்க மேடம், உப்பு கையை அறுத்துடும். கூடை பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். மத்தவங்கல்லாம் சுமந்துக்கினு போறாங்க, இவ மட்டும் ரொப்பின கூடைகிட்ட குந்திக்கினு இருக்காளேன்னு பாக்குறீங்களா? ஆளு வருவாங்க. யாராவது வருவாங்க. நீங்க இப்படி வரப்பு மேல உக்காருங்க. புடவை வெள்ளையாயிடும், பரவால்லன்னா உக்காருங்க.

திரௌபதியா? அவ வேலைக்கு வராம எட்டு நாளாச்சு. போனை எடுக்கலையா? என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும். நானும்தான் போன் பண்ணல.

உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வூட்டுலதான் இருக்கறா. வழி உங்களுக்குத் தெரியுமே, டீக்கடையில விசாரிச்சிட்டுத்தானே வந்தீங்க. டீ குடிச்சீங்களா? நல்லா போடுவாரு அவரு. சர்க்கரைதான் கை தாராளம்.

என்னது, மன்னிப்பா? அவகிட்டயா? ஓ. மீட்டிங்குக்கு அப்புறம் ஊர்ல அவளை ஒரு மாதிரி பேசுறாங்கன்னு கேள்விப்பட்டீங்களா. சரி சரி. அதுக்காக அவ்ளோ தூரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க. நல்ல மனசுதான். நான் கிண்டல் பண்ணல மேடம், நெசமாத்தான் சொல்றேன்.

நீங்க மொதமொதல்ல வந்தது பொங்கல் கழிச்சுதானே. மகளிர் குழுக் கட்டடத்துல உக்காந்துக்கினு ஒவ்வொருத்தரா கூப்பிட்டீங்க. அவமானத்தைப் பத்தி ஆராய்ச்சியாம், சொல்றவங்களுக்கு ஆளுக்கொரு குடையாம்னு திரௌபதிதான் வந்து சொன்னா. நான் சிரிச்சேன். தலையில கூடை வச்சிக்கினு குடையை எந்தக் கையால புடிக்கறது, அதையும் ஆராய்ச்சி பண்ணச் சொல்லுடின்னேன். அவ போனா. மூணு தடவை போனா. அந்த மேடம் நாம பேசும்போது நம்ம மூஞ்சியையே பாக்கறாங்கடின்னு வந்து சொல்லுவா. நம்ம பேச்சை யாரு அப்படிக் கேட்டாங்க, சொல்லுங்க. அது அவளுக்கு இனிச்சிடுச்சு.

நாங்க ஜோடிங்க. இருபது வருசமா. ஜோடின்னா, இது முப்பது கிலோ கூடை. தனியா ஒருத்தி தலைக்கு ஏத்த முடியாது. ஒருத்தி பாத்தியில நின்னு ரொப்பி தூக்கிவிடுவா, ஒருத்தி கரையில குவிச்சிருக்கற உப்பு அம்பாரத்துக்குச் சுமந்துக்கினு போவா. பத்து நடைக்கு ஒருதரம் மாத்திக்குவோம். தூக்கறப்போ ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கினு ஒண்ணா மூச்சு புடிக்கணும். கொஞ்சம் முன்ன பின்ன ஆனா கழுத்து போயிடும். அவளுக்கு மூச்சு எப்போ எறங்கும், எப்போ ஏறும்னு எனக்குத் தெரியும். கல்யாணம் பண்ணவன்கிட்ட கூட அவ்ளோ பாத்ததில்ல.

அதனாலதான் போன வாரம் நீங்க மீட்டிங் வச்சப்போ, நீயும் வா நீயும் வான்னு கையைப் புடிச்சு இழுத்துக்கினு போனா. போயிருக்கக் கூடாது. மூணாவது வரிசையில அவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீங்க கூட எங்க ரெண்டு பேரையும் பாத்து சிரிச்சீங்களே.

சொவத்துல படம் காட்டினீங்க. கோடு கோடா, பச்சை, சேப்பு. அது ஒண்ணும் புரியல. அப்புறம் ஒரு பொம்பளை கதை சொல்றேன்னீங்க. பேரைச் சொல்ல மாட்டேன்னீங்க. தன்னோட சிநேகிதிக்கு நடந்ததுன்னுதான் அவங்க சொன்னாங்க, ஆனா எங்க அனுபவத்துல அவமானத்தை யாரும் தன்னுதுன்னு சொல்ல மாட்டாங்க, சிநேகிதி மேல ஏத்தித்தான் சொல்லுவாங்கன்னு சொன்னீங்க. நான் அப்பவே திரும்பி அவ மூஞ்சியைப் பாத்தேன்.

இதான் அந்தக் கதை. கத்திரி வெயில். காலையிலயே குடிச்சிட்டு வந்து புருசன் வரப்புல விழுந்து கெடக்கறான். பொண்டாட்டி உப்பைச் சுமந்துக்கினு அந்த வழியாத்தான் போவணும். தண்ணி குடு, தண்ணி குடுன்னு கேக்கறான். தினமும் இதே பாட்டுதானேன்னு இவ தாண்டிப் போறா. நாலு நடை தாண்டிப் போறா. அஞ்சாவது நடையில அவன் கேக்கல. ஊருக்கு, நான் அவரைப் பாக்கவே இல்லன்னு சொல்லிட்டா. அத்தனை வருசம் கழிச்சு அந்தப் பொம்பளை தனக்குத் தானே என்ன சொல்லிக்கினா தெரியுமான்னு கேட்டு சொவத்துல போட்டீங்க. தலையில சுமை இருக்கும்போது குனிய முடியாது. பெரிய பெரிய எழுத்துல. தன் மேல தானே காட்டுற இரக்கம், எங்ககிட்ட பேசின முப்பத்திரெண்டு பேர்ல இதுதான் ஒசத்தின்னு சொல்லிட்டு கை தட்டச் சொன்னீங்க.

ஒருத்தரும் தட்டல. கவனிச்சீங்களா? மனசு எளகி உக்காந்திருக்காங்கன்னு நெனச்சீங்களா? எல்லாரும் எங்க வரிசையைத் திரும்பிப் பாத்தாங்க. அதைப் பாத்தீங்க இல்ல. அதான், திரௌபதியை அவமானப்படுத்திட்டோமேன்னு ஓடி வந்திருக்கீங்க.

மேடம், உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தாரே, செல்லப்பன். அவருதான் திரௌபதியோட வூட்டுக்காரரு. கல்லு மாதிரி இருக்காரு. பீடி கூட தொட மாட்டாரு.

எங்க வூட்டுக்காரரு பேரு மாயவன். செத்து பதினோரு வருசம் ஆவுது. நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கேர்ந்து ரெண்டு வரப்பு தள்ளி.

உக்காருங்க, ஏன் எந்திரிச்சிட்டீங்க.

பேரு போடலதான். நான் போட்டீங்கன்னு சொல்லலையே. இந்த உப்பளத்துல வரப்புல செத்தது ஒரே ஒரு ஆம்பளை. பேரு எதுக்கு? உங்க முப்பத்திரெண்டு பேர்ல நான் இல்ல மேடம். ஒரு காயிதத்துலயும் கையெழுத்துப் போடல. குடையும் வாங்கல. சொன்னது ஒருத்திகிட்ட. அதுவும் சொல்லணும்னு இல்ல, அன்னிக்கு இங்க நின்னு அஞ்சு கூடையும் தூக்கிவிட்டவளே அவதான். மொத நடை போயிட்டு வந்தப்பவே என் மூஞ்சியைப் பாத்து என்னடின்னு கேட்டா. ஒண்ணுமில்ல, தூக்குன்னேன்.

மீட்டிங் அன்னிக்கு சாயங்காலமே கேட்டுட்டேன் அவளை. ஏண்டி சொன்னேன்னு. அழுவுறா. நீங்க ஏதோ கேட்டீங்களாம், உங்க சிநேகிதிக்கு இப்படி ஒரு கஷ்டம் வந்தா அவங்களுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க, மனசுல நெனச்சுப் பாருங்கன்னு. எனக்கு அப்படியெல்லாம் இல்லாததை நெனச்சுப் பாக்கத் தெரியலடி, சிநேகிதின்னதும் உன்னைத்தான் நெனச்சேன், உனக்குச் சொன்னதைத்தான் சொன்னேங்கறா. என்ன பண்றது அவளை.

உங்க மேல எனக்குக் கோவம் கால்வாசிதான். நீங்க அசலூரு. அவ துரோகி. ஆமா, துரோகிதான், அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டுதான் வந்தேன். கெட்ட எண்ணத்துல செஞ்சிருந்தாலாச்சும் நாலு வார்த்தை திட்டிட்டு மறந்துடுவேன். என்னை நெனச்சு, பாசத்துல, என்னைத் தூக்கிக் குடுத்துட்டா. அதை எப்படி மறக்கறது.

பையன் பாண்டியில கம்பெனியில இருக்கான், கௌதமன்னு. அப்போ ஒம்போது வயசு அவனுக்கு. அப்பா வெயில்ல மயங்கி விழுந்துட்டாரு, யாரும் பாக்கலன்னு சொல்லி வளத்தேன். மீட்டிங் முடிஞ்ச மறுநாளே அவன் அத்தை போன் பண்ணிச் சொல்லிட்டா. உடனே எனக்கு போன் அடிச்சான். நல்லாயிருக்கியான்னு கூட கேக்கல. அப்பா தண்ணி கேட்டாராம்மா, அவ்ளோதான் கேட்டான். நான் ஆமான்னேன். வச்சிட்டான். இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, வர்ற நாளு. வரல.

தண்ணியா? வேணாம், நீங்க குடிங்க. பாட்டிலை உள்ள வைங்க மேடம்.

ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. சொவத்துல போட்டீங்களே, உங்க ஆராய்ச்சி புக்குல அதை மாத்திடுங்க. அதை யாரும் தனக்குத் தானே சொல்லிக்கல. சிநேகிதி சொன்னது. நான் அதைச் சொல்லிப் பாக்காமலா இருந்திருப்பேன்? பதினோரு வருசமா, கண்ணாடி முன்னாடி நின்னுகூட சொல்லிப் பாத்திருக்கேன். என் வாயில வந்தா பொய் மாதிரி இருக்குது. அவ சொன்னாதான் தூக்கம் வரும். மனசு ஒரு மாதிரி இருக்கற அன்னிக்கு, ஏய் சொல்லுடின்னு கேப்பேன், கூடையைத் தூக்கிவிட்டுக்கினே சொல்லுவா. இப்போ அதுவும் இல்ல. அவகிட்ட பேசறதில்லன்னு ஆயிப்போச்சு, எப்படிக் கேக்கறது.

மத்தவங்களா? எட்டு நாளா இந்த அளத்துல எனக்கு ஒருத்தியும் கூடை தூக்கிவிட வரலீங்க. பாதி பாதியா ரொப்பி, நானே ஏத்திக்கினு போறேன். இன்னிக்குத்தான் ஏதோ வீம்புல முழுசா ரொப்பிட்டேன். ஆளு வருவாங்கன்னு சும்மாத்தான் சொன்னேன்.

வாங்க, அந்தப் பக்கம் புடிங்க. அடியில கை குடுங்க. என் மூஞ்சியைப் பாருங்க மேடம், கூடையைப் பாக்காதீங்க. மூச்சு புடிங்க. ம். தூக்குங்க.

சரி, வழியை விட்டு நவுந்துக்குங்க.