நிற்கத் தெரிந்த காடி

பனியில் நனைந்து, பாதி வழியில் காய்கறி லாரிக்கு ஒதுங்கி, பட்டுப் புடவையின் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் பெருமக்களே! மாலையின் கனத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் தலைமை வகித்து வீற்றிருக்கும் கோவில் தலைவர், மதிப்பிற்குரிய ஐயா ஆண்டியப்பன் அவர்களே! தேயிலைக் கொழுந்தெடுத்து விரல் கறுத்தாலும் மனம் வெளுத்த என் தாய்மார்களே! கோலா தெர்லாவிலிருந்து பூக்களோடும் புன்னகையோடும் வந்திருக்கும் சம்பந்தி வீட்டாரே! வாழ வந்த மணமக்களே! முன்வரிசையில் அமர்ந்து, 'இவள் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாளோ' என்று கலக்கத்தோடு பார்க்கும் என் அன்புக் கணவரே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் வசுமதி. மணமகள் சாந்தினிக்கு அத்தை, அவள் தந்தை ராமையா அண்ணனுக்கு ஒரே தங்கை. இந்தக் கம்போங் ராஜாவில் காரோ வேனோ, எந்தக் காடியானாலும் அதன் மின்சாரக் கோளாறைத் தீர்க்கும் வயர்மேன் பக்கிரிசாமியின் மனைவி. வாழ்த்துரையைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லியிருக்கிறார் தலைவர். ஐயா, கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பிரியாணி எங்கும் ஓடிவிடாது.

நான் பேசப் போவது மணமகளின் அழகைப் பற்றியா? அதைக் கண்ணுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மணமகனின் குணத்தைப் பற்றியா? அதை இனிமேல் சாந்தினி பார்த்துக்கொள்வாள். நான் பேசப் போவது, மண்டப வாசலில் மல்லிகைச் சரம் சுற்றி நிற்கிறதே, அந்தக் காடியைப் பற்றி! சிரிக்கிறீர்களா? இந்தத் திருமணம் நின்றுபோக இருந்ததே அந்தக் காடியால்தான்!

நம் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளின் வாசலில், காடியை எப்படி நிறுத்துவோம்? மூக்கு சரிவைப் பார்க்க நிறுத்துவோம். டயருக்கடியில் ஒரு கல் வைப்போம். ஏன்? காலைக் குளிரில் பேட்டரி படுத்துவிட்டால், கல்லை எடுத்து, உருளவிட்டு, கியரைப் போட்டால் எஞ்சின் எழுந்துகொள்ளும். அப்படியும் எழாவிட்டால் லயமே வந்து தள்ளும். யாருடைய காடி என்று கேட்டதுண்டா? சண்டைக்காரன் காடியையும் தள்ளிவிட்டு வந்துதானே சண்டையைத் தொடர்ந்தோம்!

அப்படிப்பட்ட லயத்துக்குத்தான் நம் மாப்பிள்ளை மகேன் தம்பி தம் தாயாரோடு பெண் பார்க்க வந்தார். ஏற்றத்தில் எதிரே கொழுந்து லாரி. தம்பி பிரேக்கை மிதித்து ஒதுங்கி நின்றார். காடி நின்றது. எஞ்சினும் நின்றது! காத்திருந்த நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்?

"ஐயோ, மாப்பிள்ள காடி செத்துப்போச்சு! வாங்கடா!"

ஓடினார்கள். தள்ளினார்கள். தம்பி கண்ணாடியை இறக்கி, "வேணாங்க, அது தானா எடுத்துக்கும்லா!" என்று கெஞ்சுகிறார். "கூச்சப்படாதீங்க தம்பி!" என்று இன்னும் வேகமாகத் தள்ளுகிறார்கள். உள்ளே பிரேக்கில் கால்; பின்னால் பத்துப் பன்னிரண்டு தோள். எங்கே நகரும்? லாரி போனது. தம்பி காலை எடுத்தார். எஞ்சின் உடனே எழுந்தது. "எடுத்துருச்சு!" என்று ஒரே கைதட்டல்! வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. எஞ்சின் மறுபடி நின்றது. மறுபடி தள்ள வந்தார்கள்! வாசலுக்கே வந்துவிட்ட காடியை எங்கே தள்ளுவது? யோசிக்காமலே தள்ளினார்கள்! பச்சைச் சட்டை அண்ணே, முகத்தைத் திருப்பாதீர்கள். முதல் தோள் உங்கள் தோள்தான்!

ராமையா அண்ணன் முகம் சுண்டிப் போனது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். வந்தார் நம் வயர்மேன், வாத்தியார் வகுப்புக்குள் நுழைவது போல. பானெட்டைத் திறந்தார். வழக்கமாக உள்ளே இரண்டு கருவிகள் இருக்கும். பேட்டரியின் மின்சாரத்தை வாங்கி, எஞ்சினைச் சுழற்றி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஸ்டார்ட்டர் ஒன்று. ஓடும் எஞ்சினின் பெல்ட்டால் சுழன்று, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி ஊட்டும் டைனமோ மற்றொன்று. இவர் தேடினார். குனிந்து தேடினார். விளக்கடித்துத் தேடினார். நிமிர்ந்து நின்று தீர்ப்பளித்தார்:

"மச்சான், டைனமோ இருக்கு. ஸ்டார்ட்டரக் காணோம்லா. எவனோ கழட்டி வித்துட்டான்!"

ஊரே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மணமகளைப் பெற்ற ஜெயா அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வசு, நின்னுபோற காடியில எம்புள்ளய ஏத்திவிட மாட்டேன். இந்த எடம் வேணாம்னு சொல்லச் சொல்லு உங்கண்ணன."

அண்ணிக்கு ஏன் அந்தப் பயம்? இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். சாந்தினி வயிற்றில் இருந்தபோது, கொட்டும் மழையில் வலி எடுத்து, அண்ணனின் பழைய வேனில் தானா ராத்தா மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள். அந்த வேனின் டைனமோ எப்போதோ செத்திருந்தது. விளக்கும் வைப்பரும் பேட்டரியை உறிஞ்சிக் குடித்தன. ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றது. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு ஓடி வந்தார்கள். சேற்றில் கால் வழுக்க வழுக்க, உச்சி வரை தள்ளினார்கள். அங்கிருந்து சரிவில் உருண்டுதான் அந்த எஞ்சின் எழுந்தது. மருத்துவமனை வாசலில் பிறந்தாள் சாந்தினி. சொல்லுங்கள், நின்ற எஞ்சினைக் கண்டால் அந்தத் தாய்க்கு உயிர் நடுங்குமா, நடுங்காதா?

அண்ணி சொன்னது வெளியே இருந்த மகேன் தம்பி காதிலும் விழுந்தது. கோபித்துக்கொண்டாரா? குத்திப் பேசினாரா? இல்லை. சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தார்.

"மாமா, நீங்களே ஓட்டிப் பாருங்க. அத்தையும் வரட்டும்."

அண்ணன் ஓட்ட, பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார, பின்னால் நான், அண்ணி, தம்பி. சனிக்கிழமை பிரிஞ்சாங் சாலை எப்படி இருக்கும்? ஸ்ட்ராபெரி வாங்க வந்த நாடே அங்கேதான் நிற்கும்! காடி நின்றது, எஞ்சின் நின்றது. அண்ணன் காலை எடுத்தார், எழுந்தது. மறுபடி நின்றது, மறுபடி எழுந்தது. ஒரு முறையாவது உதறியதா? உறுமியதா? இல்லவே இல்லை! என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ஸ்டார்ட்டரே இல்லாம எப்புடிய்யா எடுக்குது?"

"நீங்க பாத்த டைனமோதான் ஸ்டார்ட்டரு மாமா. ரெண்டும் அதேதான்."

பெருமக்களே, கேளுங்கள்! பெட்ரோலை மிச்சப்படுத்த, நின்றதும் எஞ்சினைத் தானே நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானே எழுப்பும் காடி அது. அந்த டைனமோவுக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருளும் காந்தமும்தான். மின்சாரத்தைக் கொடுத்தால் அது சுழலும். அதைச் சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். வாங்க வேண்டிய நேரத்தில் வாங்கி, கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்க, அதன் முதுகிலேயே ஒரு மின்னணுப் பலகை காவல் இருக்கிறது. எஞ்சினை எழுப்பும்போது அது பெல்ட்டை இழுக்கிறது. ஓடும்போது எஞ்சின் பெல்ட்டால் அதை இழுக்கிறது. இரு பக்கமும் இழுபடுகிற பெல்ட் தொய்யாமல் பிடித்துக்கொள்ளத் தனிக் கருவி உண்டு. ஓயாமல் நின்று எழுவதைத் தாங்கும் பலமான பேட்டரி உண்டு. சரிவில் இறங்கும்போது பெட்ரோல் மிதியிலிருந்து காலை எடுத்தால், உருளும் வேகத்தையே மின்சாரமாக்கிச் சேர்த்துக்கொள்ளும். காடியையும் மெல்லப் பிடித்து இறக்கும். சில காடிகளில் கடுங்குளிருக்கென்று பழைய ஸ்டார்ட்டரையும் துணைக்கு வைப்பார்களாம். இந்தக் காடியில் ஒன்றுதான்.

இதைத் தம்பி சொன்னதும் என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி சிரித்தார். "ஒரே ஆளு, ரெண்டு ஷிப்ட்டு!" என்றார். தெரியாததைத் தெரிந்துகொண்டால் இப்படிச் சிரிக்கிற மனிதரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். ஏங்க, வெட்கப்படாதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஆனால், அண்ணி இன்னும் சிரிக்கவில்லை. முதல் முறையாக அந்தத் தாய் வாய் திறந்து மருமகனாக வரப்போகிறவரிடம் நேரே கேட்டார்.

"பேட்டரியில தெம்பு இல்லன்னா என்னய்யா செய்யும்? அப்பவும் நின்னுபோயிருமா?"

தம்பி அண்ணியின் பக்கம் முழுதாகத் திரும்பினார். "நிறுத்தாது அத்தை. எஞ்சின நிறுத்துறதுக்கு முன்னாடியே, திரும்ப எழுப்புறதுக்குப் பேட்டரியில தெம்பு இருக்கான்னு பாக்கும். இல்லன்னா எஞ்சின ஓடவே விட்டுரும்."

அண்ணி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். காடி நின்றது. எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் அண்ணி சொன்னார்: "வீட்டுக்குப் போலாம். புள்ள காப்பி கலந்து வச்சிருக்கும்."

அதுதான் ஐயா சம்மதம்! அதுதான் நிச்சயதார்த்தம்! அண்ணன் லயத்துக்குத் திரும்பினார். பழக்க தோஷத்தில் காடியை மூக்கு சரிவைப் பார்க்க நிறுத்தினார். இறங்கினார். டயருக்கடியில் ஒரு கல்லை வைத்தார்!

இன்றும் வாசலில் போய்ப் பாருங்கள். மல்லிகை சுற்றிய அந்தக் காடியின் டயருக்கடியில் கல் இருக்கிறது. வைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? மகேன், புறப்படும்போது கல்லை எடுத்துவிடு தம்பி. எடுத்து எறிந்துவிடாதே. வண்டியிலேயே வைத்துக்கொள். அது உன் மாமனாரின் மனசு.

சாந்தினி, என் செல்லமே! கொடுப்பதும் வாங்குவதும் ஒரே நெஞ்சால் முடியும் என்று அந்தக் கருவி சொல்கிறது. நல்லதுதான். ஆனாலும் எந்தக் கருவிக்கும் ஒரு நாள் வரும். என்றாவது ஓர் ஏற்றத்தில், காடியோ வாழ்க்கையோ உண்மையாகவே நின்றுவிட்டால் என்ன செய்வாய்? ஆட்டோ கியர் காடியைத் தள்ளி எழுப்ப முடியாது என்று உன் மாமா இப்போதே தலையை ஆட்டுகிறார். தெரியும், உட்காருங்கள்!

தாய்மார்களே! அன்று மழையில் கூடையை இறக்கிவைத்து, அந்த வேனைத் தள்ளிய கைகள் இங்கே இருக்கின்றனவா? உயர்த்துங்கள், பார்க்கலாம்! வேலாயி அக்கா, நீங்களும்தான், உயர்த்துங்கள்! இன்னும் மேலே!

பார், சாந்தினி. நன்றாகப் பார். நீ உலகைப் பார்ப்பதற்கு முன்பே உனக்காகச் சேற்றில் நின்று தள்ளிய கைகள் இவை. எழுகிறதோ எழவில்லையோ, ஒரு குரல் கொடு. வந்து தள்ளுவோம்!

பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், தள்ளியே பழகிய என் தோட்டத்து மக்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மணமக்கள் நீடூழி வாழ்க! வணக்கம். வாருங்கள், பிரியாணி ஆறப்போகிறது.