அஞ்சாம் நம்பர் மேல ஒரு புள்ளி

செவ்வாய்க்கிழமை காலை 8.40, ஆவடியில் கிளம்பிய மின்சார ரயில். கைபேசியைக் காதருகே பிடித்திருந்த பார்வையற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் சொன்னார்.

“பழைய பட்டன் போன்ல அஞ்சாம் நம்பர் மேல ஒரு புள்ளி இருக்குமே, மாமே! அத தடவிகினே பேங்குக்கு போன் போட்டு எல்லா வேலையும் முடிச்சிருவேன். அது ஒரு காலம்.”

“இப்போ இன்னா கொறச்சல்?”

“இந்த போன்ல பேங்கு ஆப்பு எல்லாத்தையும் படிச்சி காட்டுது. ரகசிய நம்பர் போடுற எடம் வந்தா வாய மூடிக்குது. நம்பருங்களயும் ஒவ்வொரு வாட்டியும் எடம் மாத்தி வைக்குது.”

“உன் கரண்ட் பில்லுக்கு இன்னிக்குதான் கடைசி நாளு. நம்பர சொல்லு, நான் போட்றேன்.”

“பொண்டாட்டிக்கே சொன்னதில்ல. உனக்கா?”

அம்பத்தூர் வந்ததும் அவர் மடக்குக் கோலை விரித்து எழுந்தார். “கரண்ட் ஆபீசு கவுண்டர்ல கட்டிட்டு வேலைக்கு வரேன்.”

“அரை நாள் சம்பளம் பூடும்டா!”

“போவட்டும். நம்பர் என்கிட்டயே இருக்கட்டும்.”