உப்பு அடைத்த வால்வு

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியில் பேரிங் போயிருக்கிறது, சார். கடலுக்கு இத்தனை பக்கத்தில் மாட்டினால் அப்படித்தான் ஆகும். கழற்றி என் பட்டறைக்கு அனுப்பினால் சரிசெய்து தருவேன். இப்போது அது முடியாது என்கிறீர்கள். சரி.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தையே மறைக்கத் தெரியாதவன், சொந்த வீட்டு விஷயத்தையா மறைக்கப்போகிறேன்? எழுதிக்கொண்டிருக்கும் விஜயராகவன் சாருக்கு என்னைத் தெரியும். அவருடைய மச்சினர் ஏன் திடீரென்று காரைக்காலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்று எனக்கும் தெரியும். அது இப்போது வேண்டாம்.

பெயர் தணிகாசலம். வீராம்பட்டினத்தில் பட்டறை. உப்புத் தண்ணீர் தின்ற பழைய அவுட்போர்டு மோட்டார்களை வாங்கி, உயிர் கொடுத்து விற்பது தொழில். படகின் பின்னால் தொங்குமே, அந்த மோட்டார்தான். வரும்போது பார்க்கச் சகிக்காது. அலுமினியம் முழுக்க வெள்ளையாகப் பூத்து, போல்ட்டும் மூடியும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடக்கும். அவசரப்பட்டு ஸ்பானரைப் போட்டால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். கொஞ்சம் நெருப்பு காட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து, லேசாகத் தட்ட வேண்டும். மனிதர்களிடம் விஷயம் கறப்பதுபோலத்தான். பிறகு உள்ளே தண்ணீர் ஓடும் பாதைகளில் உறைந்திருக்கும் உப்பைக் கரைத்து எடுக்க வேண்டும். கடல் தண்ணீரை இழுத்துத்தான் அந்த மோட்டார் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பாதை அடைத்தால் வெந்து இறுகிவிடும்.

பட்டறையில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன். மோட்டார் தயாராகும்வரை ஆட்கள் அதில்தான் உட்காருவார்கள். யார் பெண் யாரோடு பேசுகிறாள், யார் வீட்டு ஃபிரிட்ஜ் தவணையில் வந்தது, எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் இறங்கும். மீன் விற்கும் அங்கம்மாள் மோட்டாரே இல்லாமல் வந்து உட்காருவாள். எனக்கு டி.வி. கிடையாது. தேவைப்பட்டதில்லை.

வீட்டில் நானும் தம்பி அய்யப்பனும் மட்டும். அம்மா போகும்போது அவன் சின்னப் பையன். நான்தான் வளர்த்தேன். எனக்குப் பெண் அமையவில்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் தேடவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். தம்பி கடலுக்குப் போவான். எனக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி. அவன் மீன் கொண்டுவருவான், குழம்பும் அவனே வைப்பான், நான் அன்றைக்குப் பெஞ்சில் கேட்டதைச் சொல்வேன். சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். குறையே இல்லை.

அப்போதுதான் லூசியன் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; மூலக்குளத்தில் வீடு. பிரெஞ்சுச் சிப்பாயைச் சொல்தா என்போம்; சொல்தா வீடு என்றால் அந்தப் பக்கம் யாரும் காட்டுவார்கள். தூண்டில் போட ஒரு சின்னப் படகு வாங்கியிருந்தார். அதற்கு மோட்டார் பார்க்க வந்தவர் மகள் ஏலோதியையும் அழைத்து வந்தார். மோட்டாரை அவர் பார்த்தார். மகள் என் தம்பியைப் பார்த்தாள்.

"இந்த மோட்டாருக்கு கியாரண்டி உண்டா?" என்றாள்.

"மோட்டாருக்கு எங்கண்ணன் கியாரண்டி. எங்கண்ணனுக்கு நான் கியாரண்டி," என்றான் அய்யப்பன்.

அவள் சிரித்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஊரில் எத்தனையோ காதலை, காதலிப்பவர்களுக்கு முன்பே கண்டுபிடித்தவன் நான்.

மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணம் வரை வந்துவிட்டது. கோயிலா சர்ச்சா என்று நான் ஒரு சண்டையை எதிர்பார்த்திருந்தேன். இரண்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்று லூசியன் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவளோடு பிரான்ஸ்.

"ன்னா தணிகாசலம், ஒன் தம்பி பிரான்ஸ்காரனாயிடுவாம்போல," என்றாள் அங்கம்மாள். "இனிமே ஒனக்கு யாரு கொழம்பு வச்சித் தர்றது?"

"நீ வாயேன்."

"ஐய, இந்த ஆயில் நாத்தத்துல எவ குடும்பம் நடத்துவா?"

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அய்யப்பன் சொன்னான்: "ஒரு வருசம் போவட்டும்ண்ணே. ஒன்னியும் இட்டுக்கினு போயிடறேன்."

"அங்க வந்து நான் யார்கிட்டடா பேசுவேன்?" என்றேன்.

அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

இந்த இடத்தில் ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். மோட்டாரைக் கிளப்பியதும் பின்னால் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் தாரையாகப் பீய்ச்சும். "ஒண்ணுக்குப் போவுதா?" என்று கேட்பார்கள் எங்கள் ஆட்கள். போனால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். வேறு எதையும் பார்க்க மாட்டார்கள். ஆனால் நான் விற்கும் பழைய மாடலில் அந்தத் தாரை பம்பிலிருந்து நேராக வருவது. இன்ஜினுக்குள் தண்ணீரை விட அங்கே தனியாக ஒரு சின்னப் பித்தளை வால்வு உண்டு. சூடு ஏறினால் தானாகத் திறக்கும். உப்பு அடைத்தால் திறக்காது. வெளியே தண்ணீர் ஜோராக வந்துகொண்டிருக்கும், உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

சில மோட்டார்களில் அந்த வால்வை நான் சுத்தம் செய்வதில்லை. காசுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அப்படித் திரும்பி வரும் மோட்டாருக்குக் கூலி வாங்கியதே இல்லை. நன்றாக ஓடும் மோட்டார்க்காரன் பட்டறைப் பக்கம் ஏன் வரப்போகிறான்? மாமியார் ஊருக்கே குடிபோய்விட்ட தெய்வசிகாமணி அப்படித்தான் திரும்பி வந்தான். நடுக்கடலில் மோட்டார் இறுகி, வேறு படகு கயிறு கட்டி இழுத்து வந்து விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து மாமியார் வீட்டுக் கதை முழுவதும் சொன்னான். எல்லோரையும் யாராவது இழுத்து வந்துவிடுவார்கள். எங்கள் பக்கம் அது சாதாரணம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை அய்யப்பன் கடலுக்குக் கிளம்பினான்.

"கடைசி தடவண்ணே. மாமனார் வூட்டு விருந்துக்கு நானே புடிச்ச வஞ்சிரம் எடுத்துக்கினு போவணும்."

மோட்டாரை முதல் நாளே நான் பார்த்து வைத்திருந்தேன். நல்ல வால்வை எடுத்துவிட்டு அடைத்த ஒன்றைப் போட்டேன். அதைத் தேட வேண்டியிருந்தது. சொந்த மோட்டாரை நான் சுத்தமாகத்தான் வைத்திருப்பேன். அவனோடு போகும் சுப்ரமணியை ஒரு மோட்டார் எடுத்துவரக் கடலூருக்கு அனுப்பியிருந்தேன். தம்பியின் போனைச் சார்ஜில் போட்டு வைத்தேன். அவன் அதை எடுக்க மறந்துவிட்டான். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

"ஒண்ணுக்குப் போவுதா பாரு," என்று கரையில் நின்று கேட்டேன்.

"ஜோரா போவுதுண்ணே."

ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான் என் கணக்கு. சொல்தா வீட்டில் நேரம் தவறினால் சோறே கிடைக்காது என்பார்கள். மாப்பிள்ளை தவறினால் பெண் கிடைக்குமா?

சாயங்காலம் அவன் திரும்பவில்லை. போன படகு திரும்பாவிட்டால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். நாலைந்து படகில் டீசல் ஊற்றிக்கொண்டு தேடப் போய்விடுவார்கள். அன்றைக்கும் கயிறு, விளக்கு எல்லாம் ஏற்றிவிட்டார்கள். அங்கம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"தம்பி எங்க தணிகாசலம்? போட்டு வர்லியே?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்: "போன் பண்ணான். கடலூர்ல கூட்டாளி வூட்ல கீறானாம். கல்யாணம் வாணாமாம். யார்கிட்டயும் சொல்லாத."

யாரிடமும் சொல்லாதே என்று அங்கம்மாளிடம் சொல்லிவிட்டால் மைக் செட் வைக்கத் தேவையில்லை. நான் டீ குடித்து முடிப்பதற்குள் கயிறெல்லாம் இறங்கிவிட்டது. டீசல் ஊற்றியவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். லூசியன் வந்து நின்றார். "அலோர்," என்று பிரெஞ்சில் இழுத்து, "உன் தம்பி ஒரு ஆம்பளைதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். ஏலோதி ஏறவில்லை.

"எனக்கு ஏன் போன் பண்ணல? அந்த நம்பரைக் காட்டுங்க," என்றாள்.

நம்பர் அழிந்துவிட்டது என்றேன். தம்பியின் போன் என் இழுப்பறையில் அணைந்து கிடந்தது.

மறுநாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாளைக்குள் கதை நன்றாகப் பரவிவிட்டது, சார். கடலூர்க் கூட்டாளிக்கு ஒரு தங்கை இருப்பதாகக்கூட யாரோ சேர்த்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை அதை. இத்தனை பேர் நம்பிய பிறகு திருத்துவது சங்கடமாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே போயிற்று. பெஞ்சில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். எல்லோரும் என் தம்பியைப் பற்றியே பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டு வேலை செய்தேன்.

ஒரு நாகப்பட்டினம் விசைப்படகுதான் அவனைத் தூக்கி வந்தது. கடலூர்க் கதை என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், யாரோ தம்பி பேரில் போன் பண்ணி விளையாடிவிட்டார்கள் என்றேன். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்திருக்கிறான். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் வைத்திருந்து பிழைக்கவைத்தார்கள். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. மருந்தும் பத்தியமும் சரியாக இருந்தால் எழுந்து நடப்பான், உப்பை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள், காட்டினால் உடம்பு வீங்கிப் படுத்துவிடுவான் என்றார் டாக்டர். உப்பு என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது?

வீட்டுக்குக் கொண்டுவந்து நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம். பட்டறைகூட அரை நாள்தான். ஏலோதி வந்தாள். தூங்குகிறான் என்றேன். மறுபடி வந்தாள். உன்னைப் பார்க்க வேண்டாமாம் என்றேன். அவன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். உடம்பு சோர்வு என்று நினைத்தேன். நான் பெஞ்சில் கேட்டதையெல்லாம் பழையபடி சொல்வேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கேட்டுக்கொண்டுதான் இருப்பான், எனக்குத் தெரியும்.

கடலில் மோட்டார் இறுகியதும் அவன் ஸ்பானரை எடுத்துத் திறந்து பார்த்திருக்கிறான். அதை நான் யோசிக்கவில்லை. என் தம்பிதானே, பார்க்கத் தெரியும். மூடிக்குள் இருந்த வால்வை எடுத்துக் கைலியில் முடிந்து வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரியிலும் யாரிடமும் காட்டவில்லை. போன வாரம் ஜன்னல் கம்பி வழியாக ஏலோதியிடம் கொடுத்தானாம். உங்கள் மேஜைமேல் இருப்பது அதுதான். நான் போட்டதுதான். மறுக்கவில்லை.

கதவு வழியாகக் கொடுக்காமல் ஜன்னல் வழியாக ஏன் கொடுத்தான் என்கிறீர்கள். கதவு பூட்டியிருந்தது. நான் வெளியே போகும்போது பூட்டிவிட்டுப் போவேன். முதலில் அதற்கு அவசியம் இருக்கவில்லை. உப்பே இல்லாமல் பக்குவமாகக் கொடுத்ததில் கால் வீக்கம் வடிந்து, ஒரு நாள் தானாக எழுந்து வாசற்படி வரை நடந்துவிட்டான். நான் சட்டென்று பிடித்திராவிட்டால் தெருவுக்கே போயிருப்பான். இந்த உடம்போடு எங்கே போவான், சார்? அதற்குப் பிறகுதான் பூட்டு. இப்போது அவ்வளவாக எழுந்திருப்பதில்லை.

சாவி இதோ. வெளியே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடமே கொடுத்தனுப்புங்கள், பரவாயில்லை. என் கையால் கொடுத்தால்தான் சாப்பிடுவான், இருந்தாலும் அவளும் முயற்சி செய்து பார்க்கட்டும். கஞ்சி அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். அவள் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. உப்பு நானே போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.