கேட்டு வரைக்கும்

— முடியாது அத்தா. ரெண்டடிக் குழாய் நம்ம சந்துல நிக்காது. திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.

— மண்ணுல ஒரு குழாயைப் புதைக்க எந்தா மோளே இத்தனை கணக்கு? பெருசா வாங்கு, போடு, மூடு. தண்ணி தன்னால போயிரும்.

— போன வருஷம் அப்படித்தானே போட்டாங்க? மிளகு லாரி ஏறி இப்ப சப்பட்டையாக் கிடக்கு.

— அது மட்டமான சாமான்.

— சாமான் நல்ல சாமான்தான். மட்டாஞ்சேரியில எங்க தோண்டுனாலும் காயல் தண்ணி ஊறுது. தண்ணி போய் விழுற வாய்க்காலுக்குக் கீழ குழாயை இறக்க முடியாது. அப்ப, குழாய் பெருக்கப் பெருக்க அது மேல மண்ணு குறையும். லாரிப் பாரம் மண்ணுல பரவாம நேரா குழாய் முதுகுல விழும். அகலக் குழாய்னா சட்டுனு வளைஞ்சுரும். ஒரு அடிதான் தாங்கும்.

— அதுல எத்தனை தண்ணி போவும்?

— கடைத்தெரு மழைத்தண்ணி பூரா போவும். உங்க சுக்கு மூட்டை நனையாது. போதாதா?

— போதாது.

— கடைக்குத்தானே அத்தா கேட்டீங்க? கவுன்சிலர் வீட்டுக்கு நடையா நடந்து, என்னையும் இந்த வேலையில இழுத்துவிட்டு…

— லாரியை உள்ள விடாம நிறுத்திரலாம். மூட்டையை நான் சுமக்குறேன்.

— இந்த இடுப்பை வச்சுக்கிட்டா? தெருவுல அத்தனை பேருக்கும் சோறு அந்த லாரிதான். அம்மா மவுத்தானதுலேர்ந்து உங்க பிடிவாதம் ஏறிக்கிட்டே போவுது.

— பின்னே வேற வழி சொல்லு. நீ இஞ்சினியர் அல்லே?

— சொல்லிட்டேனே, ஒரு அடி. ஆனா சந்துக் கோடியில இருக்குற கபர்ஸ்தான் தண்ணியை இதுல சேக்கக் கூடாது. அதைக் கழிச்சாத்தான் கணக்கு ஒத்து வருது.

— கழிச்சிட்டியா?

— கேட்டுல ஒரு தடுப்புக் கட்டிட்டா முடிஞ்சுது. அந்தத் தண்ணி அங்கயே வத்தட்டும். அங்க யாரு குடியிருக்காங்க?

— சாயா வேண்டாம், எடுத்துக்கோ.

— ஏன் அத்தா, என்ன ஆச்சு? சாயா ஆறுது, குடிங்க.

— அளக்க வந்தப்ப, நீ கேட்டு வரைக்கும்தானே வந்தே ஃபிதா?

— பொம்பளைங்க உள்ள போற வழக்கம் நம்ம மஹல்லாவுல இல்லியே. வெளியே நின்னு பாத்தேன். மணல் தரைதானே, தண்ணி தானா இறங்கிரும்னு எழுதிக்கிட்டேன்.

— இறங்கலை மோளே. வெள்ளிக்கிழமை யாசீன் ஓதப் போறப்பல்லாம் கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். கடை எக்கேடும் கெட்டுப் போவட்டும். முழங்கால் தண்ணிக்கு அடியில உங்கம்மா கிடக்குறா.