கலவன் என்ற ஒரு சொல்

“ஜெர்மனியிலை கலவன் இல்லாத பள்ளிக்கூடம் எங்கையக்கா இருக்கு?”

பிராங்பேர்ட்டின் புறநகர் ஒன்றை நோக்கிச் சென்ற தொடருந்தில், என் எதிரே அமர்ந்திருந்த ஒருவர் தம் அக்காவிடம் இவ்வாறு கேட்டார். இருவரும் நாற்பதைக் கடந்தவர்கள். தம்பியின் மடியில், தாம் பயின்ற கெசம்ட்ஷூலேயின் வரலாற்று மலர் விரிந்திருந்தது. படிப்பில் எல்லாத் தரத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயிலும் பள்ளி அது.

“பெடியங்களும் பெட்டையளும் ஒண்டாப் படிக்கிற கலவன் எண்டு அப்பா உன்னை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு விடேல்லை. நீ போன மற்றப் பள்ளிக்கூடத்திலை பெடியங்கள் இல்லையோ?”

“பாதிக்கு மேலை பெடியங்கள்தான். உன்னை மாதிரிக் குழப்படிகாரர்.”

“பகிடி விடாதை. அங்கை பத்தாம் வகுப்புக்கு மேலை இல்லை, அதோடை உன்ரை படிப்பு முடிஞ்சுது. அந்தக் கோவத்திலை அப்பா சாகுமட்டும் நான் அவரோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.”

அக்கா மலரை வாங்கி மூடினார்.

“பள்ளிக்கூடக் கடிதத்தை அப்பாவுக்குத் தமிழிலை சொன்னது நான்தான் தம்பி. அப்ப எனக்குப் பத்து வயது. எல்லாரும் ஒண்டாப் படிக்கிற பள்ளிக்கூடம் எண்டன். ‘அப்ப கலவனோ’ எண்டு கேட்டார். ஓம் எண்டன்.”

“மற்றதும் கலவன்தான் எண்டு சொல்லியிருக்கலாமே?”

“அவர் கேக்கேல்லை. என்ரை சிநேகிதி மற்றதுக்குத்தான் போறாள் எண்டதாலை நானும் சொல்லேல்லை.”