பாட்டு முடிவதற்குள் ஒரு கைதட்டல்

பறக்கும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "நேத்து கச்சேரில நடுவுல கை தட்டிட்டேன்டி. நான் மட்டும்."

"ஐயோ, ஏன்?"

"பாடிக்கினு இருந்த அக்கா ஒரு வரிய மேல கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாங்க. கை தானா தட்டிடுச்சு. முன்வரிசை மொத்தமும் திரும்பி முறைச்சுது. எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சு."

"அப்பறம் இன்னா ஆச்சு?"

"அவங்க என்னைப் பாத்து சிரிச்சாங்க. அதே வரிய திரும்பப் பாடினாங்க. ஆனா வேற மாதிரி இருந்துச்சு."

"வேற மாதிரின்னா?"

"சொல்லத் தெரியல. அதுக்குத்தான் இன்னிக்கும் அவங்க பாடறதக் கேக்க திருமயிலைல இறங்கறேன். நீ திருவான்மியூர் போயிடு."

திருமயிலை வந்தது. திருவான்மியூர் போகவேண்டிய தோழியும் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினாள்.